சுவான்சோவுக்குப் போட்ட லீவு

எங்கள் ஆட்கள் ஊர் பார்க்கப் போவதில்லை, மண்டபம் பார்க்கத்தான் போவார்கள். இத்தாலியில் இந்தப் பலெர்மோவுக்கு வந்து இருபது வருடத்துக்கு மேலாகிறது. லண்டன், பிரெமன் எல்லாம் போயிருக்கிறேன், பாரிசுக்குப் பல தரம் போயிருக்கிறேன். எல்லாம் கலியாணமும் சாமத்திய வீடும் செத்தவீட்டு அந்தியேட்டியும்தான். ஈபிள் கோபுரத்தை ஒரு தரம் காருக்குள் இருந்து கண்டேன். மடியில் பலகாரச் சட்டி இருந்தபடியால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

சீன ஆசையை எனக்குள் போட்டது சிஞ்ஞோராதான். நான் பராமரிக்கும் அந்த வயதான மனுசிக்கு ஃபவொரித்தா பூங்காவில் இருக்கும் சீன மாளிகையைப் பார்க்கப் போவதென்றால் உயிர். எந்தக் காலத்திலோ ஓர் அரசன் கட்டியது. சக்கர நாற்காலியை வாசலில் நிறுத்தச் சொல்லிவிட்டு, "இதைக் கட்டியவர்கள் சீனாவைக் கண்டதில்லை சந்திரா, கேள்விப்பட்டதைக் கட்டினார்கள்" என்று சிரிப்பார். உண்மையானது எப்படி இருக்கும் என்று அன்றிரவு போனில் தேடினேன்.

தேடப் போன இடத்தில்தான் சுவான்சோ என்ற துறைமுக நகரம் அகப்பட்டது. எழுநூறு வருடங்களுக்கு முன் அங்கே நம்மவர்கள் வியாபாரம் செய்து, சிவனுக்குக் கோயிலும் கட்டியிருக்கிறார்கள். கோயில் இப்போது இல்லை. ஆனால் அங்குள்ள பெரிய புத்த கோயிலின் பின்பக்கத் தூண்களில் நம் சாமிகள் இருக்கிறார்கள். அருங்காட்சியகத்தில் தமிழ் எழுதிய கல் ஒன்று இருக்கிறது. படத்தைப் பெரிதாக்கி எழுத்துக் கூட்டி வாசிக்கப் பார்த்தேன். முழுதாக விளங்கவில்லை. ஆனாலும் போனைக் கீழே வைக்க மனம் வரவில்லை. ஆரும் கூப்பிடாத, ஆருக்கும் நான் மாமியோ மச்சாளோ இல்லாத ஓர் ஊரில் தமிழைப் பார்க்கவேண்டும். என் வாழ்க்கையில் எனக்கென்று நான் ஆசைப்பட்டது அது ஒன்றுதான்.

என் மனிசன் இராஜதுரை பக்கத்து ஊரான பகேரியாவில் ஒரு வில்லாவின் தோட்டத்தைப் பராமரிக்கிறார். படத்தைக் காட்டினேன்.

"அட, அங்கையும் எங்கட சனம் போயிருக்குதே! இத்தாலிப் பாஸ்போட்தானே இப்ப, விசாவும் தேவையில்லை. போவம்."

போவம் என்று அவர் வாயால் வந்ததே எனக்குப் பெரிய காரியம். அதைப் பிடித்துக்கொண்டு ஒரு வருடம் திட்டம் போட்டேன். முதலில், தோட்டக்காரரான இவருக்காக, சூசோ நகரத்தின் பழைய தோட்டங்கள். சனம் சேருமுன் விடியக்காலையிலேயே உள்ளே போய்விடவேண்டும். பிறகு ரயிலில் சுவான்சோ. அருங்காட்சியகத்துக்கு ஒரு நாள் முழுதாக. திங்கட்கிழமை பூட்டு என்பதால் அந்த நாளில் கோயில். ஸ்டேசனுக்குப் பக்கத்தில், வியா லிங்கன் தெருவில் உடுப்புக்கடை வைத்திருக்கும் சீனப் பெண்ணிடம் போய், இடங்களின் பெயர்களையெல்லாம் என் போனில் சீனத்தில் அடித்துத் தரச் சொன்னேன். ராக்சி ஓட்டுபவனுக்குக் காட்டுவதற்கு. "மரக்கறிச் சாப்பாடு" என்பதையும் அவளே சேர்த்துவிட்டாள். வெள்ளிக்கிழமையில் இவர் மச்ச மாமிசம் தொடமாட்டார்.

எல்லாவற்றிலும் கஷ்டம் லீவுதான். இவருடைய முதலாளி விடும் நேரம் சிஞ்ஞோரா விடமாட்டார். சிஞ்ஞோரா விடும் நேரம் தோட்டத்தில் எலுமிச்சை பிடுங்குவார்கள். கடைசியில் சிஞ்ஞோராவின் மகள் மிலானில் இருந்து வந்து தாயோடு நிற்கச் சம்மதித்தாள். ஏப்ரல் கடைசியில் இரண்டு பேருக்கும் சேர்ந்தாற்போல் லீவு கிடைத்தது. அன்று பல்லரோ சந்தையில் மீன்காரனோடு பேரம் பேசாமலே வாங்கிக்கொண்டு வந்தேன். அவன்தான் பயந்துபோனான்.

போக ஒரு மாதம் இருக்கும்போது, ஒருநாள் வேலையால் வந்தவர் சப்பாத்தும் கழற்றாமல் கதிரையில் இருந்தார்.

"சுஜானி போன் எடுத்தவள். கேசிகாவுக்குச் சாமத்திய வீடு வைக்கினமாம். ஏப்ரல் கடைசிச் சனி."

சுஜானி பாரிசில் இருக்கும் இவருடைய தங்கை. கேசிகா அவளுடைய மகள்.

"அந்தச் சனி நாங்கள் சுவான்சோவிலை" என்றேன்.

"தெரியும். ஆனா தாய்மாமன் எண்டு நான் ஒருத்தன்தானே? மாமன் இல்லாமல் ஆர் தண்ணி வாக்கிறது?"

"பிள்ளை பெரிசாகினது போன ஆடியிலை. இவ்வளவு நாளும் பொறுத்தவை இன்னும் ரெண்டு கிழமை பொறுக்கேலாதோ?"

"மண்டபம் அண்டைக்குத்தான் கிடைச்சதாம்."

"அப்ப நீங்கள் போங்கோ. நான் சீனாவுக்குப் போறன்."

"விசர்க்கதை கதையாதையும் சந்திரா. முதல் ஆலாத்தி மாமியெல்லே எடுக்கவேணும்? நீர் வராட்டிச் சபையிலை என்ன சொல்லுவினம்?"

இரண்டு நாள் சண்டை பிடித்தேன். சமைக்கவில்லை, கதைக்கவில்லை. மண்டபம் கிடையாவிட்டால் அவர்தான் என்ன செய்வார் என்று மூன்றாம் நாள் நானே மனதைத் தேற்றிக்கொண்டேன். குற்றம் சொல்ல ஆள் இல்லாத கோபத்தை எவ்வளவு நேரம் வைத்திருப்பது? விமான ரிக்கற்றை ரத்துச் செய்தேன். சிஞ்ஞோராவிடம் சொன்னபோது அவர், "ஒரு பிள்ளை பெரியவளானதற்கா?" என்று இரண்டு தரம் கேட்டார். எங்கள் வழக்கத்தை விட்டுக்கொடுக்காமல் விளக்கம் சொன்னேன். அதை நினைத்தால் இப்போது என் வாயிலேயே அடிக்கலாம்போல் இருக்கிறது.

பாரிசில் அந்தச் சனிக்கிழமை காலை, சுஜானி வீட்டில் இவர் தண்ணீர் வார்த்தார். மத்தியானம் எல்லாரும் மண்டபத்துக்கு வந்தோம். பின்னறையில் நின்று என் சேலைக்கு ஊசி குத்திக்கொண்டிருந்த சுஜானிக்குச் சந்தோசத்தில் வாய் மூடவில்லை.

"அண்ணாவாலைதான் மச்சாள் எல்லாம் சரிவந்தது. மண்டபக்காரன் மூண்டு திகதி தந்தவன். எதை எடுக்கிறதெண்டு நாங்கள் முழிச்சுக்கொண்டு நிண்டம். அண்ணாதான் சொன்னவர், கடைசிக் கிழமையை எடுங்கோ, எங்கள் ரெண்டு பேருக்கும் லீவு ஏற்கெனவே கிடைச்சிட்டுது எண்டு."

ஊசி தோளில் ஏறியதுகூட எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

இவர் வாசலில் பட்டு வேட்டியும் சால்வையுமாக நின்று ஆட்களை வரவேற்றுக்கொண்டிருந்தார். ஒரு பக்கம் கூட்டிக்கொண்டு போய்க் கேட்டேன்.

"திகதி சொன்னது நீங்களோ?"

"ஓம்." ஒளிக்கவில்லை. ஏன் கேட்கிறேன் என்று விளங்காதவர்போல் என்னைப் பார்த்தார். "அவள் என்ரை வசதியைக் கேட்டவள். எங்களுக்கு லீவு இருந்தது. இதை விட்டால் திரும்ப முதலாளி தருவானே?"

"அது சீனாவுக்கு எடுத்த லீவு."

"லீவு லீவுதானே? மண்டபக் கதையை உமக்குச் சும்மா சொன்னனான், நீர் கோவிப்பீர் எண்டு. கல்லைப் பாக்கிறதும் ஒரு அலுவலே, சந்திரா? வாரும், ஆலாத்திக்குக் கூப்பிடினம்."

அவர் வேண்டுமென்றே என் பயணத்தைக் கெடுத்திருந்தால்கூட ஆறியிருப்பேன். கெடுப்பதற்கு முதலில் அவருக்கு அது ஒரு பொருட்டாக இருந்திருக்கவேண்டும். நான் ஒரு வருடம் நாளுக்கு நாள் சேர்த்துக் கட்டியது அவர் கண்ணில் வெறும் லீவாகத்தான் இருந்தது. என் மனம் அப்படி வெறுத்தது அதற்கு முன் இல்லை.

"நீங்கள் போங்கோ. நான் லீவிலை நிக்கிறன்" என்றேன்.

கடைசி வரிசையில் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு இருந்தேன்.  அவர் சால்வையைச் சரிசெய்துகொண்டு மேடைக்குப் போனார்.

"மாமி எங்கை? மாமி வாங்கோ!" என்று ஒலிபெருக்கியில் கூப்பிட்டார்கள்.  இப்போது எல்லாரும் திரும்பப் போகிறார்கள், சடங்கு நிற்கப் போகிறது, ஏன் என்று ஒருவராவது கேட்கப் போகிறார்கள் என்று காத்திருந்தேன். வீடியோக்காரனுக்கு அவசரம். மேடைக்குப் பக்கத்தில் நின்ற, நான் முன்பின் கண்டிராத ஒரு பெண்ணைப் பார்த்து, "அக்கா, நீங்கள் ஏறுங்கோ" என்று கையைக் காட்டினான். அவள் ஏறி ஆலாத்தி எடுத்தாள். எல்லாரும் கைதட்டினார்கள்.