வெயில் தின்ற மஞ்சள்

நாமகிரிப்பேட்டைக் களத்தில் மஞ்சள் காயவைத்த கையோடு, மகளின் வெள்ளைக் கோட்டை மஞ்சுளா மடித்துவிட்டாள். நித்யஸ்ரீ நாளை நர்சிங் கல்லூரியில் சேர வேண்டும். கோட்டில் ஒட்டிய மஞ்சள் கறை, சோப்புப் போட்டதும் ரத்தச் சிவப்பாக மாறியது.

"இன்னுங் கெட்டுப்போச்சேம்மா" என்று மகள் கண் கலங்கினாள்.

மஞ்சுளாவுக்குத் தன்மேலேயே எரிச்சல். அலச அலசச் சிவப்பு மறுபடி மஞ்சளானது. அதைப் பார்த்ததும், களத்துப் பெண்களைத் தினமும் தான் திட்டுவது நினைவுக்கு வந்தது: "மெல்லிசாப் பரப்பாதீங்க, வெயில் கலரைத் தின்னுபோடும்."

ஈரக் கோட்டை உச்சி வெயிலில் விரித்தாள்.

"தின்னட்டும் சாமி. இத்தன வருசமா வேண்டாம்னேன், இன்னைக்கு நானே வெயிலுக்குத் தின்னப் போடறேன்."

சாயங்காலம் கோட்டு வெள்ளையாக இருந்தது. மஞ்சுளா இரு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, "நீயே மடிச்சுக்க" என்றாள்.