குறை ஏதும் காணப்படவில்லை

1

இந்தக் கதை எங்கிருந்து கிடைத்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பல் டாக்டரிடம் காத்திருந்தபோது பக்கத்து நாற்காலிப் பெண் போனில் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள். நான் ஒட்டுக்கேட்டேன். எழுதுகிறவன் செய்கிற திருட்டுகளில் இது சின்னது.

(மேலே இருப்பது பொய். நாலாம் பகுதியில் திருத்துகிறேன். அதுவரை பொறுத்துக்கொள்ளுங்கள்.)

முதல் வரியை மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன். ‘அன்று காலை வானம் —’ வேண்டாம், வானத்துக்கும் பிரேக்குக்கும் என்ன சம்பந்தம்? ‘டீச்சருக்குப் பயம் என்றால் என்னவென்றே —’ சும்மா அளக்கிறேன். மூன்றாவதுதான் நின்றது: வாசலில் நின்ற புதுக் காரைப் பார்க்கவே டீச்சருக்குப் பயமாக இருந்தது.

2

டீச்சர் என்றால் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள். அந்தக் காரை வாங்கி ஏழே வாரம். பயிற்சிக் கார் என்பதால் அவள் உட்காரும் பக்கத்திலும் ஒரு பிரேக் மிதி உண்டு. இரண்டும் ஒரே கம்பியில் இணைந்தவை. கற்றுக்கொள்கிறவர் மிதித்தால் டீச்சர் பக்கத்து மிதியும் கூடவே கீழே இறங்கும். இதை மட்டும் மறந்துவிடாதீர்கள்.

அன்று ஓட்டியது ஒரு தையல்காரம்மா. நாற்பத்தாறு வயதில், “வீட்ல எல்லாரும் கேலி பண்றாங்க டீச்சர், ஒரு தடவையாவது ஓட்டிக் காட்டணும்” என்று வந்து சேர்ந்தவள். இறக்கமான தெரு. கீழே பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் ரோட்டைக் கடந்துகொண்டிருந்தார்கள்.

“பிரேக்கும்மா.”

கார் நிற்கவில்லை.

“பிரேக்! பிரேக்கைப் போடு!”

டீச்சர் ஹேண்ட் பிரேக்கை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். கார் குலுங்கி, பக்கவாட்டில் இழுபட்டு நின்றது. கடைசியாகப் போன சிறுமியின் தண்ணீர் பாட்டில் பம்பரில் இடித்து டங்கென்று சத்தம் கேட்டது. சிறுமி திரும்பிப் பார்த்துவிட்டு ஓடிப்போனாள்.

“உயிரே போயிருக்கும்! மிதிக்கவே இல்லையே நீ!”

“மிதிச்சேன் டீச்சர்.”

“மிதிச்சா ஏன் நிக்கல?”

தையல்காரம்மா கைப்பையை எடுத்துக்கொண்டு நடந்தே வீட்டுக்குப் போனாள். பிறகு வகுப்புக்கு வரவே இல்லை.

சாயங்காலம் பாத்திரம் துலக்கும்போதுதான் டீச்சருக்கு ஒன்று உறைத்தது. அந்த நேரம் தன் பக்கத்து மிதியைக் கால் தேடிப் போனபோது, அந்த மிதி ஏற்கெனவே தரையோடு தரையாகக் கிடந்தது. அப்படியானால் தையல்காரம்மா மிதித்திருக்கிறாள். குழாயை மூடக்கூட மறந்து அப்படியே நின்றாள்.

3

மூன்று தடவை ஒர்க்‌ஷாப்புக்குப் போனது கார். அங்கே போனால் நல்ல பிள்ளையாக நடந்துகொண்டது. மெக்கானிக் ஓட்டினால் நின்றது, கார் கம்பெனி அதிகாரி ஓட்டினால் நின்றது. டீச்சர் காலி மைதானத்தில் தனியாக ஓட்டியபோது மறுபடி இரண்டு தடவை மிதி தரைக்குப் போனது.

கடைசியில் கம்பெனி அதிகாரி ஒரு காகிதத்தோடு வந்தார்.

“காரை நாங்களே எடுத்துக்கறோம் மேடம். முழுப் பணமும் திருப்பித் தர்றோம். ஒரே ஒரு கையெழுத்து போதும்.”

காகிதத்தில் இரண்டு வரி. ‘வாகனத்தில் குறை ஏதும் காணப்படவில்லை. நடந்த சம்பவத்துக்கு ஓட்டியவரின் தவறே காரணம்.’

“இந்தக் காரை என்ன பண்ணுவீங்க?”

“அது எங்க பாடு மேடம்.”

“வேற யாருக்காவது வித்துடுவீங்களா?”

அதிகாரி பேனா மூடியைக் கழற்றி நீட்டினார். டீச்சர் நாளைக்குச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டாள்.

“கையெழுத்தைப் போட்டுத் தொலைச்சிட்டு வேற கார் வாங்கு” என்றார் வீட்டுக்காரர். “வகுப்பு நின்னு ஒரு மாசம் ஆச்சு. இதுல யாரை உட்கார வைப்பே?”

“அந்தம்மா மேல பழி போடச் சொல்றாங்க.”

“அவங்க இதைப் படிக்கவா போறாங்க?”

“நான் படிச்சிட்டேனே.”

(இந்த இடத்தில் டீச்சரைக் கொஞ்சம் தைரியசாலியாக்கி, காகிதத்தைக் கிழிக்க வைத்தேன். பிறகு அடித்துவிட்டேன். கிழிக்கிற ஆள் இல்லை அவள். காகிதத்தை மடித்துச் சர்க்கரை டப்பாவுக்கு அடியில் வைத்தாள்.)

4

சரி, திருத்தம். எனக்குப் பல் வலியே வந்ததில்லை. அந்தக் கம்பெனியில் ஒன்பது வருஷம் கடிதம் எழுதுவதுதான் என் வேலை. அந்த இரண்டு வரியும் நான் எழுதியவை.

‘குறை இல்லை’ என்று போட்டால் பொய். ‘காணப்படவில்லை’ என்று போட்டால் யாரும் பிடிக்க முடியாது. மேலதிகாரி தோளில் தட்டிக்கொடுத்தார். என் கதைகளைப் படித்தவர்களைவிட அந்த வரிகளுக்குக் கீழே கையெழுத்துப் போட்டவர்கள் அதிகம். எனக்கு அதில் பெருமைகூட இருந்தது, வெட்கக்கேடு.

டீச்சரின் புகார்க் கடிதம் என் மேசைக்கு வந்தது. தண்ணீர் பாட்டிலின் சத்தம்வரை எழுதியிருந்தாள். அவள் கையெழுத்துப் போட்டாளா என்று பார்ப்பதற்குள் வேலையை விட்டுவிட்டேன்.

(விட்டேனா? ஓடிவந்தேன்.)

5

முடிவு ஒன்று: போடுகிறாள். காரைக் கழுவித் துடைத்து வேறு ஊருக்கு அனுப்புகிறார்கள். அங்கேயும் இறக்கமான தெருக்கள் இருக்கும்.

முடிவு இரண்டு: போடவில்லை. தையல் கடைக்குப் போய், “நீங்க மிதிச்சீங்கம்மா, எனக்குத் தெரியும்” என்கிறாள். கார் வாசலிலேயே நிற்கிறது, வருமானம் இல்லை, வழக்கு எப்போது முடியும் என்று யாருக்கும் தெரியாது.

எனக்கு இரண்டாவதுதான் பிடித்திருக்கிறது. ஆனால் அவளைப் பட்டினி போட்டு என் மனசாட்சியைக் கழுவிக்கொள்ள எனக்கு என்ன யோக்கியதை? காகிதம் டப்பாவுக்கு அடியில் இருக்கிறது. நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள்.

6

ஓர் அடிக்குறிப்பு. இதைச் சேர்க்கக் கூடாது என்றுதான் இருந்தேன்.

மூன்றாம் பகுதியை எழுதிக்கொண்டிருந்தபோது தங்கை போன் செய்தாள். போன வாரம் ஒரு செகண்ட் ஹேண்ட் கார் வாங்கியிருக்கிறாள், ரெண்டே மாசம் ஓடியது, கம்பெனியே பரிசோதித்து விற்றது. “அண்ணா, பிரேக்கு சில நேரம் தரை வரைக்கும் போகுது. எல்லாக் கார்லயும் அப்படித்தானா?”

கதையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னேன்: “நீ சரியா மிதிச்சிருக்க மாட்டே.”

அது டீச்சரின் கார்தானா, வேறு யாரோ கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததா, தெரியாது. ஐந்தாம் பகுதியை முடித்த பிறகுதான் நான் என்ன சொன்னேன் என்பதே எனக்குக் கேட்டது. இப்போது ஆறாவது தடவையாக அவளைக் கூப்பிடுகிறேன். மணி அடித்துக்கொண்டே இருக்கிறது.

கார் ஓட்டும்போது அவள் போனை எடுக்க மாட்டாள்.