நானே கொடுத்த முகவரி

எல்லை தாண்டி வந்தவர்களால் நாட்டின் பாதுகாப்புக்கு மிரட்டல் என்று அரசாங்க அறிக்கை ஒன்று பத்திரிகையில் வந்திருந்தது. படித்த சூட்டோடு புகார் எண்ணுக்குப் போன் அடித்தேன். ஈப்போ பக்கம் செமோரில் எங்கள் அடுக்குமாடி, நான்காவது மாடியில் வங்காளதேசிகள் என்று விலாவாரியாகச் சொன்னேன். படிக்கட்டு முழுக்கச் செருப்பைக் குவித்து வைக்கிறார்களே என்ற எரிச்சல் வேறு.

ஞாயிற்றுக்கிழமை காலை அதிகாரிகள் லோரியில் வந்து இறங்கினார்கள். நேரே நான்காவது மாடிக்குப் போவார்கள் என்றுதான் நினைத்தேன். அவர்களோ கீழிருந்து ஒவ்வொரு கதவாகத் தட்டிக்கொண்டு ஏறினார்கள். நாங்கள் இருப்பது மூன்றாவது மாடி.

ஓடிப்போய்க் கதவைத் தாழிட்டேன். என் மனைவி இந்திராணி ரப்பர் தோட்டத்து லயத்தில் பிறந்தவள். பிறப்பை யாரும் பதியவில்லை, குடியுரிமையும் கிடைக்கவில்லை. அவளிடம் இருப்பது தற்காலிகக் குடியிருப்பாளருக்கான பச்சை ஐசி அடையாள அட்டை. அதுவும் காலாவதியாகி எட்டு மாதம். புதுப்பிக்க ஈப்போவுக்குக் கூட்டிப்போகாமல் நாளைக் கடத்தியவன் நான்தான்.

“யாருங்க இவங்களுக்குச் சொன்னது?” என்றாள்.

“எனக்கு எப்படித் தெரியும்? நீ ரூமுக்குள்ள போ லா!” என்று எரிந்து விழுந்தேன்.

அதற்குள் கதவு அதிர்ந்தது. திறந்து, குடிமகனுக்கான என் நீல ஐசியை நீட்டினேன். அதிகாரி அதை ஒரு பார்வை பார்த்துவிட்டு இந்திராணியிடம் கை நீட்டினார். பச்சை அட்டையின் தேதியைப் பார்த்ததும், அவளை லோரியில் ஏறச் சொன்னார்.

நான்காவது மாடி வங்காளதேசிகள் கடப்பிதழும் வேலை பெர்மிட்டும் கையுமாகப் படியில் நின்றிருந்தார்கள். இந்திராணி வெறுங்காலோடு இறங்கினாள். அவர்களில் ஒருவன் தன் செருப்பைக் கழற்றி அவள் காலடியில் வைத்தான்.