நெட்டு முழுங்கின எழுத்து

கோயமுத்தூர்க்காரர்களுக்கு வாயில் ‘ங்ணா’ ஒட்டிக்கொண்டேதான் பிறக்கும். பஸ் கண்டக்டர், பால்காரர், வழி கேட்டு வந்தவர் எல்லாருமே அண்ணாதான். அதற்குப் பெரிய அர்த்தமெல்லாம் கிடையாது, ஒரு மரியாதை, அவ்வளவே. கலைமதி பிறந்து வளர்ந்தது குன்னூர் என்றாலும் அப்பாவுக்குக் கோயமுத்தூர்ப் பக்கம் காரமடை. அந்த வாய்தான் அவளைக் கெடுத்தது.

வேலை வீட்டிலிருந்தே. ஒரு துணிக் கம்பெனிக்கு வரும் புகார்களுக்குப் பதில் எழுத வேண்டும். ஆளாளுக்கு ஒரு மூலையில் உட்கார்ந்து ஊமையாகிப்போகிறார்களே என்று மேனேஜர் எல்சா கம்ப்யூட்டருக்குள்ளேயே ஓர் ஆபீஸ் திறந்துவைத்தாள். ஆளுக்கொரு குட்டிப் பொம்மை. நம் பொம்மையை இன்னொன்றின் பக்கத்தில் நகர்த்தினால் அந்த ஆளின் குரல் கேட்கும், விலகினால் தேய்ந்து நின்றுவிடும். ஓரத்தில் ஒரு டீக்கடையும் உண்டு. டீ கிடைக்காது, பேச்சு கிடைக்கும்.

அங்கேதான் கூடலூர் சசிதரன் பழக்கமானான். சிலோனிலிருந்து திரும்பிவந்த தோட்டக் குடும்பம். வீட்டில் அம்மாவும் அவனும் மட்டும். முதல் நாளே, “ஏனுங்ணா, உங்க பக்கம் மழைங்களா?” என்று கேட்டுவைத்தாள். அப்புறம் ஓய்வு நேரமெல்லாம் அவனோடுதான். நேரில் ஒருதரம்கூடப் பார்த்ததில்லை. ஆனால் அவன் வீட்டுத் தகரக் கூரையில் மழை எப்படி விழும் என்று அவளுக்குத் தெரியும். அப்பாவை நெஞ்சுவலியோடு ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு அவள் வீட்டில் தனியாகக் கிடந்த சாயந்திரம், வேலை முடிந்தும் அவன் போகவில்லை. தன் பொம்மையை அவள் பொம்மைக்குப் பக்கத்தில் நிறுத்தி, “இருக்கேன்” என்றான். அன்றைக்கு விழுந்தவள்தான், பாவி மகள், எழுந்திருக்கவே இல்லை.

இப்போது மேட்டுப்பாளையத்திலிருந்து பெண் பார்க்க வருகிறோம் என்கிறார்கள். வரச்சொல்லலாமா வேண்டாமா என்று இன்றைக்குள் அம்மாவிடம் சொல்லியாக வேண்டும். அதற்கு முன் சசிதரன் மனசைத் தெரிந்துகொள்வது என்று முடிவுகட்டினாள். எப்படிக் கேட்பது? ‘உங்களைப் பிடிச்சிருக்கு’ என்று சொல்ல உயிரே போனாலும் அவளுக்கு வாய் வராது. யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தாள். அந்த ‘ணா’வை எடுத்துவிட்டால் போதும். ‘ஏனுங்க.’ அம்மா அப்பாவைக் கூப்பிடுவது அப்படித்தானே. புத்தியுள்ளவனுக்குப் புரியாதா?

டீக்கடையில் அவன் பொம்மை மட்டும் நின்றது. பக்கத்தில் போனாள்.

“ஏனுங்க,” என்றாள்.

“மதி, உன்னத்தான் தேடிக்கிட்டிருந்தேன்.”

“ஏனுங்க, உங்ககிட்ட ஒண்ணு பேசோணுமுங்க.”

“உன் நெட்டு சரியில்ல போல. கடைசி எழுத்தெல்லாம் விழுந்துபோகுது. அண்ணாவையே முழுங்கிருச்சு பாரு,” என்று சிரித்தான்.

“நெட்டு நல்லாத்தானுங்க இருக்குது.”

“இந்தா, மறுபடியும் போச்சு. சரி, கட்டாகிறதுக்குள்ள நான் சொல்லிடுறேன். எனக்குக் கல்யாணம் முடிவாயிருச்சு. பந்தலூர்ப் பொண்ணு, பேரு பிரியா. கேக்குதா?”

“கேக்குதுங்க.”

“அம்மாவுக்குத்தான் ஒரே கவலை. தாலியில மொத முடிச்சு நான் போடுவேன். மிச்ச ரெண்டும் தங்கச்சி போடணும். கூடப்பிறந்தது யாரு இருக்கா எனக்கு? அப்பதான் அம்மா சொன்னாங்க, ‘வாய் நெறைய அண்ணாங்குதே அந்தக் குன்னூர்ப் பிள்ள, அதைக் கூப்பிடு’ன்னு. எங்க பக்கம் யாரும் சும்மா ஒருத்தரை அப்படிக் கூப்பிட மாட்டாங்க, மதி. உனக்கு அந்த உரிமை இருக்கு. வந்து போடுவியா?”

கலைமதி மைக்கை அணைத்தாள். முந்தானை இல்லாத சுடிதாரில் முகம் புதைக்கத் துணி தேடி, கடைசியில் மேசை விரிப்பை இழுத்து வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். யாரைத் திட்டுவது? அவன்மேல் ஒரு தப்புமில்லை. நெஞ்சு மட்டும் வெந்தது. திரையில் அவள் பொம்மை சிரித்தபடி நின்றது. அதற்கு வேறு முகம் கிடையாது.

அடுப்படியிலிருந்து அம்மா கேட்டாள்: “மதி, அவிகளை வரச்சொல்லட்டுமா?”

“சொல்லும்மா.”

மூக்கைத் துடைத்துக்கொண்டு மைக்கைப் போட்டாள். எந்த எழுத்தும் விழுந்துவிடாமல் நிறுத்திச் சொன்னாள்.

“வந்து போடறேனுங்ணா.”

“இப்ப நல்லாக் கேக்குது,” என்றான் சசிதரன்.