நாற்பத்தேழாம் நம்பர் ரத்தம்

மாயாண்டிக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும் என்பது டுரியான் துங்கால் வட்டாரத்துக்கே தெரியும். ஆனால் அன்று காலை அவர் கிளினிக்குக்குள் நுழைந்த வேகத்தில் நியாயம் இருந்தது.

ஆறு மாதத்துக்கு முன்பு, அறுபத்தைந்து வயதைத் தாண்டியவர்களுக்கு நிமோனியா தடுப்பூசி போட்டு, அது உடம்பில் எவ்வளவு எதிர்ப்புச் சக்தியை உண்டாக்குகிறது என்று ஆராயப்போவதாகக் கிளினிக்கிலிருந்து கூப்பிட்டார்கள். மாயாண்டியும் கோப்பிக்கடைக் கூட்டாளி பிச்சைமுத்துவும் ஒன்றாகத்தான் போட்டுக்கொண்டார்கள். பிச்சைமுத்துவுக்குக் கை வீங்கி இரண்டு நாள் காய்ச்சல். மாயாண்டிக்குக் கொசு கடித்த தடம்கூட இல்லை.

"எனக்கு மருந்து புடிச்சிருச்சு. ஒனக்குப் பச்சத்தண்ணிதான் போட்டுருக்காங்க லா" என்று அன்றிலிருந்து பிச்சைமுத்து கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்தார்.

மற்றவர்களுக்கு அது கேலி. மாயாண்டிக்கு அப்படி இல்லை. ரப்பர் தோட்டத்தில் இருந்த காலத்தில் அவர் மனைவி பாக்கியலட்சுமி நெஞ்சில் சளி கட்டி மூச்சுக்குத் திணறினாள். தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிரெஸர், காய்ச்சலுக்கும் வயிற்றுப்போக்குக்கும் ஊற்றும் அதே சிவப்புத் தண்ணீரை மூன்று நாள் ஊற்றினான். "கேக்கும், கேக்கும்" என்றான். நாலாம் நாள் ஆஸ்பத்திரிக்கு லோரியில் ஏற்றும்போதே அவளுக்கு உயிர் இல்லை. அந்தப் போத்தலில் என்ன இருந்தது என்று இன்றுவரை ஒருவனும் சொல்லவில்லை.

"ஐயா, கை வீங்குறதுக்கும் மருந்து புடிக்கிறதுக்கும் சம்பந்தம் இல்ல லா" என்றாள் தாதி ஷாந்தினி, ரத்தம் எடுக்கும் ஊசியைப் பிரித்தபடி. "வயசானவங்களுக்கு ஒடம்புக்கு ஒடம்பு மாறும். சிலருக்குச் சக்தி நல்லா ஏறும், சிலருக்குக் கம்மியாத்தான் ஏறும். ரத்தத்தப் பாத்தாத்தான் தெரியும்."

"ரெண்டு தடவ எடுத்தீங்களே. எனக்கு ஏறிச்சா?"

"அதெல்லாம் சொல்ல மாட்டாங்க ஐயா. எங்க லிஸ்ட்ல வெறும் நம்பர்தான். நீங்க நாப்பத்தேழு. ரிசல்ட் சொல்ல மாட்டோம்னு ஃபாரத்துலயே போட்டிருக்கே."

நீட்டிய கையை மாயாண்டி வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

"என் ரத்தம், என் நெஞ்சு! ஊருக்கெல்லாம் சொல்லுவீங்க, எனக்குச் சொல்ல மாட்டீங்களா?"

சத்தம் கேட்டு, ஆராய்ச்சியை நடத்தும் டாக்டர் ஹரிதாஸ் உள்ளேயிருந்து வந்தார். "ஐயா, நூறு பேர்ல எத்தன பேருக்கு ஊசி நல்லா வேல செய்யுதுன்னு சொல்றதுதான் எங்க வேல."

"அந்த நூத்துல நான் எந்தப் பக்கம் டாக்டர்? செய்ற பக்கமா, செய்யாத பக்கமா?"

டாக்டர் தாதியின் லிஸ்ட்டை எடுத்துப் புரட்டினார்.

"என் பொண்டாட்டிக்கு என்னத்தக் குடுத்தாங்கன்னு சொல்லாமலே சாகடிச்சாங்க. அப்ப எனக்குக் கேக்கத் தெரியல. இப்பத் தெரியுது. சொல்றவரைக்கும் சொட்டு ரத்தம் தர மாட்டேன். நாற்காலிய விட்டும் எந்திரிக்க மாட்டேன்."

வரிசையில் இருந்த கிழடுகள் ஒவ்வொன்றாக, மடித்துவிட்ட சட்டைக் கையை இறக்கிவிட்டன. முதலில் இறக்கியது பிச்சைமுத்து.

டாக்டர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "கேக்குறவங்களுக்கு அவங்கவங்க ரிசல்ட்டக் குடுக்கணும்னு மேலிடத்துக்கு எழுதுறேன்" என்று காகிதத்தை எடுத்தார். இரண்டு வரி எழுதியதும் பேனா நின்றது.

"உங்க பேரு என்ன ஐயா?"

ஆறு மாதம். இரண்டு முறை ரத்தம். இப்போதுதான் கேட்கிறார்கள். மாயாண்டிக்கு அதுவரை வந்த கோபமெல்லாம் இறங்கிக் கண் கலங்கியது.

"மாயாண்டி" என்றார். "பெருசா எழுதுங்க."