மரியாதைக்கு மேலே வைத்தார்கள்

சட்டை தைக்கும் கம்பெனியில் பெரியக்காவுக்குச் செக்கிங் வேலை. தைத்து வரும் ஒவ்வொரு சட்டையையும் உள்பக்கம் புரட்டி, தையலை இரண்டு விரலால் இழுத்துப் பார்ப்பாள். பிரிந்தால் திருப்பி அனுப்புவாள். முன்பக்க அழகைப் பார்த்துச் சட்டையை நம்புகிறவர்களை அவள் ஆளாகவே மதிப்பதில்லை. பெரியக்கா பாஸ் பண்ணிவிட்டால் மேனேஜர்கூட மறுபடி பார்ப்பதில்லை என்பதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. கொஞ்சம் என்ன, நிறையவே உண்டு.

அன்று மதியம் காஜாக்காரி, அதாவது பட்டன் துளை போடும் மெஷினில் உட்காருகிறவள், பல்லெல்லாம் தெரிய வந்து நின்றாள்.

"பெரியக்கா, நானும் உங்களுக்குக் கீழ சேர்ந்துட்டேன்."

"எனக்குக் கீழயா? எதுல?"

காஜாக்காரி போனை நீட்டினாள். ஏதோ ஓர் ஆப். மேலே ஒரு வட்டம், அதன் கீழ் ஒன்று, அதன் கீழ் மூன்று, அப்புறம் ஒன்பது, அதற்கும் கீழே பொடிப்பொடியாக எண்ண முடியாத வட்டங்கள். உச்சி வட்டத்தில் பெரியக்காவின் முகம். தங்கை கல்யாணத்தில் எடுத்த படம். காதோரம் யாருடைய முழங்கையோ தெரிந்தது. முகத்துக்குக் கீழே 'வைரத் தலைவி' என்று போட்டிருந்தது. இரண்டாவது வட்டத்தில் தங்கையின் கணவர்.

"போன மாசம் வாட்டர் கூலர் ரிப்பேர் பண்ண வந்தாரில்ல, அப்பதான் சேர்த்துவிட்டாரு. நம்ம செக்ஷன்ல பதினோரு பேரு. அக்காகிட்ட பேச்செடுக்காதீங்க, தற்பெருமை அவங்களுக்குப் பிடிக்காதுன்னாரு. என்னால அடக்க முடியல. உங்க மூஞ்சியப் பாத்துதான்க்கா பணம் கட்டினோம்."

பெரியக்கா அந்தப் படத்தைத் தன் போனுக்கு அனுப்பச் சொன்னாள்.

வேலை முடிந்ததும் நேரே தங்கை வீட்டுக்குப் போனாள். தங்கையின் கணவர் ஃபிரிட்ஜ் மெக்கானிக். எழுந்து நின்று, ஃபேனை அவள் பக்கம் திருப்பி வைத்தார்.

"கேக்காம போட்டது தப்புதான்க்கா. ஆனா நான் மேல, நீங்க கீழன்னு எப்படிப் போடறது? மனசு வரல."

அதற்காக அவள் இடத்துக்கு ஒரு தடவை, தன் இடத்துக்கு ஒரு தடவை என்று இரண்டு பங்கு கட்டியிருந்தார். மரியாதை தெரிந்த மனிதர். பணத்தைத் தொலைப்பதில்கூட மூத்தவர்களை முந்தவில்லை.

"சரி தம்பி, என்ன விக்கிறீங்க?"

"தெம்புக்கு சொட்டு மருந்துக்கா." கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு பெட்டியை இழுத்தார். பின்னால் இன்னும் நான்கு இருந்தன.

"யாரு வாங்கறா?"

"சேர்றவங்க."

"சேராதவங்க?"

யோசித்தார். பெட்டியை மறுபடி உள்ளே தள்ளினார். "அவங்களுக்கு இதோட அருமை தெரியாதுக்கா."

அவள் பேரில் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று கேட்டாள். காட்டினார். பதினெட்டு வருடச் சம்பளத்தில் அவள் பார்த்திராத தொகை.

"எடுங்க. இப்பவே பாக்கறேன்."

"எடுக்கலாம். அதுக்கு முன்னாடி வரி கட்டணும்."

"இதுலயே கழிச்சுக்கச் சொல்லுங்க."

"அது முடியாதாம்."

"வரி கட்டி யாராவது கையில வாங்கியிருக்காங்களா?"

அவர் ஃபேனை இன்னும் கொஞ்சம் அவள் பக்கம் திருப்பினார்.

சமையலறையிலிருந்து தங்கை வந்தாள். காதில் தோடு இல்லை, துளையில் நூல் கோத்திருந்தாள். "அக்கா, என் நகை மொத்தமும் இதுலதான் போச்சு. வெள்ளிக்கிழமைக்குள்ள இன்னும் பதினாலு பேர் சேர்ந்தா எல்லாம் திரும்ப வந்துடுமாம். உங்க கம்பெனியில நீ ஒரு வார்த்தை சொன்னா போதும்."

பெரியக்கா எண்ணிப் பார்த்தாள். உண்மையிலேயே எண்ணினாள். வாய் திறந்தாலே சேர்ந்துவிடக்கூடியவர்கள் ஆறு பேர் உடனே முகத்தோடு நினைவுக்கு வந்தார்கள். ஏழாவது முகம் வந்தபோது அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

"அந்தப் பதினாலு பேரும் நாளைக்கு நூல்தான் கோத்துக்கணும். போலீஸுக்குப் போலாம் தம்பி. நீங்களும் வாங்க."

"ஐயோ, மானம் போயிடும்க்கா."

"படத்துல இருக்கறது என் மூஞ்சி. போறது என் மானம்."

அவர் வரவில்லை. தங்கை வாசல்வரைகூட வரவில்லை.

மறுநாள் காலை, மெஷின்கள் ஓடத் தொடங்கும் முன் செக்ஷன் நடுவில் நின்று சொன்னாள்: "யாரும் சேராதீங்க. சேர்ந்தவங்க ஆள் பிடிக்காதீங்க. வரின்னு கேட்டா அஞ்சு பைசா கட்டாதீங்க." எல்லோரும் தலையாட்டினார்கள். அவள் நகர்ந்ததும், தான் மட்டும் சம்பாதித்துவிட்டுக் கதவைச் சாத்தப் பார்க்கிறாள் என்று பேசிக்கொண்டார்கள். காஜாக்காரி மட்டும், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான், பதினோரு பேரின் ரசீதுகளையும் வாங்கிக் கொண்டுவந்து கொடுத்தாள்.

அரைநாள் லீவு போட்டு, போலீஸில் இணைய மோசடிப் புகார்களை வாங்கும் அறைக்குப் போனாள். அங்கிருந்தவர் அவள் போனில் இருந்த வட்டப் படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

"இது நீங்கதானே?"

"ஆமா."

"அப்ப புகார் உங்க மேலயேவா?"

"என் பேரையும் எழுதிக்கங்க. எனக்குத் தெரியாம போட்டதுன்னும் எழுதுங்க."

"போட்டது யாரு?"

தெரியாது என்று சொல்லிவிட்டால் அவள் தங்கை வீட்டுக்கு எப்போதும்போலப் போய்வரலாம். கையில் ரசீதுக் கட்டு இருந்தது.

"என் தங்கச்சி வீட்டுக்காரர்."

"அட்ரஸ்?"

அந்த வீட்டை அலைந்து திரிந்து பார்த்துக் குடிவைத்ததே அவள்தான். கதவு எண்ணிலிருந்து தொடங்கிச் சொன்னாள்; எதையும் யோசிக்க வேண்டியிருக்கவில்லை.