பழைய மூடி

"பழைய மாடல் மாதிரி இல்ல சார்," என்றார் பாத்திரக் கடைக்காரர், புதுக் குக்கரின் கைப்பிடியைத் தட்டியபடி. "அதுல உள்ள ஆவி இருக்கும்போதே மூடி திறந்துக்கும். இப்ப பூட்டையே மாத்திட்டாங்க. ஆவி முழுசா அடங்குற வரைக்கும் நீங்க தலைகீழா நின்னாலும் திறக்காது."

வித்தியாசம் காட்டுவதற்காகப் பழைய மூடி ஒன்றையும் பக்கத்தில் வைத்திருந்தார். அதே மூடி. அதே கறுப்புக் கைப்பிடி, ஓரத்தில் அதே சிவப்புப் புள்ளி. அதைப் பார்த்ததும் அவளுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

புருஷனோ பூரித்துப் போய் நின்றான். "நம்ம கம்பெனின்னா சும்மாவா. வருஷத்துக்கு வருஷம் தரம் ஏறிக்கிட்டே போகுது பாரு."

நம்ம கம்பெனியாம். அந்தக் கம்பெனிக்கும் அவனுக்கும் ஒட்டும் கிடையாது, உறவும் கிடையாது. மின்விசிறியிலிருந்து இஸ்திரிப் பெட்டிவரை அவர்களுடையதையே வாங்கிப் போட்டுவிட்டுப் பங்காளி மாதிரிப் பேசுவான்.

பத்து வருஷத்துக்கு முன்னால், இடுப்பில் இரண்டு வயதுப் பெண்ணோடு, அடுப்பை அணைத்துவிட்டு ஆவி அடங்கட்டும் என்று அவள் காத்துத்தான் நின்றாள். இறக்கி வைக்கத் தொட்டதுதான் தாமதம், மூடி தெறித்தது. கொதிக்கிற தண்ணீர் குழந்தையின் இடது கை முழுக்க. அவள் கம்பெனிக்கு எழுதினாள். பதில் வந்தது: 'தயாரிப்பில் குறை ஏதுமில்லை. பயன்படுத்தியவரின் அவசரமே விபத்துக்குக் காரணம்.'

அந்தக் கடிதத்தை இந்த மனுஷன் என்ன செய்தான் தெரியுமா? வீட்டில் எல்லோரையும் உட்காரவைத்துப் படித்தான். பெரியப்பாவுக்குக் காது மந்தம் என்று இரண்டாவது தடவை தொண்டை கிழியப் படித்தான். அன்றிலிருந்து அந்த வீட்டில் அவளுக்குப் பெயர் அவசரக்குடுக்கை. பால் பொங்கினால் அவசரக்குடுக்கை. தாமதமாகப் போய் பஸ்ஸைக் கோட்டைவிட்டாலும் அவசரக்குடுக்கைதான்.

அதையெல்லாம்கூட அவள் பொறுத்துக்கொண்டாள். பெற்ற பெண் அதைக் கேட்டுக் கேட்டே வளர்ந்ததைத்தான் பொறுக்க முடியவில்லை. வெயில் காலத்திலும் முழுக்கைச் சட்டை போடுகிற பெண். அம்மா அடுப்பருகே போனால் எழுந்து வெளியே போய்விடுவாள். டீயைக்கூட அம்மா மேஜையில் வைத்துவிட்டு நகர்ந்த பிறகுதான் எடுப்பாள்.

"அண்ணே, இப்ப சொன்னதை இன்னொரு தடவை சொல்லுங்க," என்றாள்.

கடைக்காரர் உற்சாகமாகிவிட்டார். "பழசுல அந்தப் பூட்டு சூடானா நழுவும்க்கா. நாம எவ்வளவு பொறுமையா இருந்தாலும் ஒண்ணும் பண்ண முடியாது. கம்பெனி ஆளுங்களே வந்து பழைய சரக்கையெல்லாம் அள்ளிட்டுப் போனாங்க. காட்டுறதுக்குன்னு இந்த மூடிய மட்டும் நான் வச்சிக்கிட்டேன்."

"எப்ப வந்தாங்க?"

"அது ஆச்சு, ஒம்பது வருஷம்."

ஒன்பது வருஷம். தப்பு எங்கே என்று ஒரே வருஷத்தில் தெரிந்திருக்கிறது பாவிகளுக்கு. பூட்டை மாற்றத் தெரிந்தவர்களுக்கு இன்னொரு கடிதம் போடத் தெரியவில்லை.

கூட வந்திருந்த பெண் பழைய மூடியைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அப்ப அம்மா அவசரப்படலையா?"

கடைக்காரர் விழித்தார். புருஷன் அவசரமாகப் பர்ஸை எடுத்தான். "எப்பவோ நடந்தது, விடு. அதான் கம்பெனியே சரி பண்ணிட்டான்ல. வீட்டுக்குப் போய்ப் பேசிக்கலாம். அண்ணே, இதையே கட்டுங்க."

"கட்டாதீங்க," என்றாள் அவள். பையிலிருந்து போனை எடுத்து, எண்ணைத் தேடி அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டு அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"யாருக்குப் போட்ட?"

"உங்க பெரியப்பாவுக்கு. என் மேல தப்பில்லன்னு சொல்லுங்க."

கடையில் நான்கைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். பெண் மூடியைக் கீழே வைக்காமல் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். மறுமுனையில் கிழவர் இருமிவிட்டு யாரது என்று கேட்டார்.

"நான்தான் பெரியப்பா," என்று அவன் முனகினான். "அந்தக் குக்கர் விஷயம்... அது அவ தப்பில்ல."

"என்னது? ஒண்ணும் கேக்கல," என்றது போன்.

"சத்தமா சொல்லுங்க," என்றாள் அவள். "அன்னிக்கு அவருக்குக் கேக்குற மாதிரிதானே படிச்சீங்க."